கிளீட்டஸ் மொபைல்ஸுக்கு முதல் பரிசு

மண்டைக்காடு சந்திப்பில் 'கிளீட்டஸ் மொபைல்ஸ்' என்று பலகை தொங்குகிறதே என்று நம்பி, உள்ளே கிளீட்டஸ் என்று யாரோ உட்கார்ந்திருப்பார் என எட்டிப் பார்ப்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள். கிளீட்டஸ் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருந்தார். பங்குச்சாமியாரை அழைத்து ஜெபம் பண்ணி, கடையைத் திறந்து, பலகையின் பெயிண்ட் காய்வதற்குள் மனிதருக்கு விசா வந்துவிட்டது. "கொஞ்ச நாளு நீ பாத்துக்க, நான் ஓடி வந்திருவேன்" என்று மனைவி டெல்சியின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். அது 2006. இந்தக் கதை நடப்பது 2011-ல். வளைகுடாவுக்குப் போகிற ஆண்களின் 'கொஞ்ச நாளு' எவ்வளவு நீளும் என்பது கரையோரத்தில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

கடை கைக்கு வந்தபோது டெல்சிக்குச் செல்போனில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும்தான் தெரியும். ஆனால் வாய் இருந்தது. கூச்சம் என்ற சாமான் அவள் வீட்டிலேயே கிடையாது. சிம் கார்டு, ரீசார்ஜ், ரிங்டோன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டாள். கடையில் உட்கார்ந்தால் ஆள் வரும் என்று மற்றவர்கள் காத்துக்கொண்டிருக்க, இவள் கூப்பன் கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கடற்கரைக்கே போனாள். வள்ளம் கரையேறும் நேரத்தில் ஆண்களுக்குக் கை ஈரம், போனைத் தொடமாட்டார்கள். இவளே வாங்கி, ஏற்றி, திருப்பி அவர்கள் சட்டைப்பையில் போட்டுவிட்டு வருவாள். மீன்கூடையோடு பஸ் ஏறுகிற பெண்களுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது என்பதால், இரண்டை அழுத்தினால் வீட்டுக்காரர், மூன்றை அழுத்தினால் மகள், நான்கை அழுத்தினால் டெல்சி என்று ஒவ்வொருவர் போனிலும் பதிந்து கொடுத்தாள். பாதி வழியில் காசு தீரப்போனால் நான்கை அழுத்தி ஒரு மிஸ்டு கால். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் ரீசார்ஜ் ஏறிவிடும்.

இப்படி நடத்தினால் வியாபாரம் ஓடாமல் என்ன செய்யும்? 'சங்கு செல்' கம்பெனி ஆண்டுதோறும் மாவட்டத்தில் அதிகம் விற்ற கடைக்கு விருது கொடுக்கும். தொடர்ந்து நான்கு வருடம் அது மண்டைக்காட்டுக்கே வந்தது. கண்ணாடி அலமாரியில் நான்கு கேடயங்கள் வரிசையாக நின்றன. நான்கிலும் 'மாவட்டத்தின் முதல் விற்பனையாளர், திரு. கிளீட்டஸ்' என்று பொன்னெழுத்தில் வெட்டியிருந்தது. கம்பெனிப் பதிவு அவர் பெயரில் அல்லவா! போய் வாங்கி வந்தவன் கிளீட்டஸின் தம்பி ஆன்ட்ரூஸ். விழாவுக்கென்றே கோட்டு ஒன்று தைத்து வைத்திருந்தான். கடையில் ஒருநாள் உட்கார்ந்ததில்லை. ஆனால் கேடயத்தோடு அவன் நிற்கிற படத்தைப் பார்த்தால் செல்போனையே அவன்தான் கண்டுபிடித்தான் என்று தோன்றும்.

முதல் இரண்டு கேடயம் வந்தபோது டெல்சிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாவதைத் துடைத்து வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. நான்காவதைத் துடைக்கவே இல்லை. ஊரில் அவள் 'கிளீட்டஸ் பெஞ்சாதி'. பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் 'லிஜிக்க அம்மா'. சபையில் 'ஆன்ட்ரூசுக்க மைனி', அதாவது அண்ணி. டெல்சி என்று ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைக் கூப்பிட, பக்கத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருந்த பிச்சம்மாள் ஒருத்திதான் மிச்சம். கடையைத் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி கிளீட்டஸிடம் போனில் பலமுறை கேட்டுவிட்டாள். "பின்ன பாப்போம் மக்கா, நான் ஊருக்கு வந்துட்டு" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் இவளும் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். தேன் தடவிய பதிலோடு எப்படிச் சண்டை போடுவது?

மாசி மாதம். கம்பெனியின் மாவட்ட ஏஜென்ட் ரசலையன் பைக்கை நிறுத்திவிட்டு வாயெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இந்த வருஷமும் முதல் பரிசு ஒங்களுக்குத்தான். அதுமட்டுமில்ல, ஒங்களுக்குன்னு தனியா ஒரு பரிசும் உண்டு. மகளிர் தினத்துக்கு நூறு வருஷம் ஆவுதாம். அதுக்காக ஸ்பெஷலு."

"எனக்குத் தனியாவா? அப்ப முதல் பரிசு யாருக்கு அண்ணாச்சி?"

"அது கிளீட்டஸுக்கு. பதிவு அவருக்க பேருலல்லா கெடக்கு. ஒங்களுக்கு," ரசலையன் கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார், "கணவரின் தொழிலுக்குத் தோள் கொடுக்கும் சிறந்த மகளிர்."

டெல்சி கையிலிருந்த கூப்பன் கட்டை மேசையில் வைத்தாள். அவள் கூப்பன் கட்டைக் கீழே வைத்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். ரசலையன் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தார்.

"ஒரே கடைக்கு ரெண்டு பரிசு. விக்காத ஆளுக்கு வித்ததுக்கு, வித்த ஆளுக்குத் தோள் குடுத்ததுக்கு! அண்ணாச்சி, நான் யாருக்குத் தோள் குடுத்தேன்? எனக்க தோளுல நான்தானே கூப்பன் பைய தூக்கிட்டு அலஞ்சேன்."

"சரிதான் தங்கச்சி, எனக்குத் தெரியாதா? சென்னையில உள்ளவனுக்குத் தெரியண்டாமா?"

"நீங்க சொன்னாத்தானே தெரியும். என்னைக்கு விழா?"

"மார்ச் எட்டு. செவ்வாய்க்கெழம. நாகர்கோவில்ல, ஓட்டல் மாடியில."

டெல்சி தலையில் கைவைத்தாள். பக்கத்துக் கடையிலிருந்து பிச்சம்மாள் எட்டிப் பார்த்து, "மாசிக் கடைசி செவ்வாயா? ஏட்டி, அன்னைக்கு அம்மனுக்குக் கொடையல்லா!" என்றாள்.

மண்டைக்காட்டுப் பகவதியம்மன் கொடை விழா என்றால் மாவட்டமே விடுமுறை. பெண்கள் இருமுடி கட்டி வருகிற கோயில். கேரளத்திலிருந்தும் இங்கிருந்தும் பெண்களாக வந்து குவிவார்கள். கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நாளில் பெண்களுக்கு விருது கொடுக்கப் பெண்களை நாகர்கோவிலுக்கு வரச் சொல்வது சென்னையில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை.

"இத அவங்ககிட்ட சொன்னியளா?" என்றாள் டெல்சி.

"அவங்க கேக்கல்ல," என்றார் ரசலையன் பாவமாக.

டெல்சி ஒரு முடிவுக்கு வந்தாள். கொடை நாளில்தான் அவளுக்கு ஆண்டிலேயே பெரிய வியாபாரம். ஆனாலும் போவது என்று தீர்மானித்தாள். முதல் பரிசைத் தன் பெயரில் வாங்குவது, இல்லையென்றால் ஒன்றுமே வாங்காமல் திரும்புவது. ஐந்தாவது கேடயத்தையும் திரு. கிளீட்டஸ் என்று அலமாரியில் வைத்துவிட்டால் அப்புறம் தன் ஆயுளுக்கும் அந்தப் பெயர் மாறாது என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது.

கொடை நாள் விடிந்தபோது சந்திப்பு முழுவதும் தலைகள். "அம்மே சரணம், தேவி சரணம்" என்று கூட்டம் கூட்டமாகப் பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். டெல்சி கடைமுன் மேசை போட்டு, கூப்பன் கட்டுகளைப் பிச்சம்மாளிடம் ஒப்படைத்தாள்.

"அக்கா, இது சுரண்டுக கூப்பன். ரூவாய வாங்கிட்டுக் குடுத்தா போதும். போன்ல ஏத்துக ரீசார்ஜு கேட்டா நான் வாறது வரைக்கும் நிக்கச் சொல்லுங்க. அந்த ரகசிய நம்பரு எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"நீ போ. நான் அம்மனுக்குப் படைக்குத மண்டையப்பமும் விப்பேன், கூப்பனும் விப்பேன். அம்மன் பாத்துக்கிடுவா. ஏட்டி டெல்சி," பிச்சம்மாள் அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டாள். "சும்மா வராத. கேட்டியா?"

நாகர்கோவிலிலிருந்து வருகிற பஸ்ஸெல்லாம் படியில் ஆள் தொங்க வந்தது. திரும்பிப் போகிற பஸ்ஸில் டெல்சி மட்டும் ஏறினாள். நடத்துனர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா, உலகமே இங்க வருது, நீங்க எங்க போறிய?"

"மகளிர் தினத்துக்கு."

"அதுக்கு இங்கயே நிக்கலாமே! பொம்பளைங்க எல்லாம் இங்கதானே நிக்காவ."

டெல்சி சிரித்துவிட்டாள். முழு பஸ்ஸும் அவளுக்கே. முன்னிருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். வயல்காற்று முகத்தில் அடித்தது. கலெக்டர் போகிற மாதிரி போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் மேடையில் என்ன சொல்வது என்று ஒரு வார்த்தைகூட யோசித்து வைக்கவில்லை.

ஓட்டல் மாடியில் ஊதாநிற பலூன்கள் கட்டியிருந்தார்கள். 'மகளிர் தின நூற்றாண்டு: உலகம் அவள் கையில்!' என்று பெரிய பதாகை. அதன் கீழே வரிசை வரிசையாக நாற்காலிகள். அவற்றில் மீசைகள். தக்கலை, குளச்சல், கொட்டாரம், சுசீந்திரம் என்று மாவட்டத்துக் கடைக்காரர்கள் எல்லாம் மதியச் சாப்பாட்டை எண்ணி வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கென்று ரிப்பன் கட்டி ஒதுக்கிய முன்வரிசை காலி. மேசையில் பெண்களுக்கான பரிசுகள், சுடச்சுடச் சோறு வைக்கிற ஹாட்பாக்ஸ்கள், கோபுரமாக அடுக்கியிருந்தன. கணவருக்குத் தோள் கொடுத்தவர்களுக்குச் சோற்றுப் பாத்திரம்! கம்பெனி யோசித்துத்தான் செய்திருக்கிறது.

மண்டல மேலாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். கழுத்தில் டை. நல்ல மனிதர்தான், ஆனால் அன்று அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. பெண்களோடு மேடையில் நிற்கிற படத்தை மாலைக்குள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். படம் எடுப்பவர் வந்துவிட்டார், பெண்கள் வரவில்லை.

"ரசலையன், லேடீஸ் எல்லாம் எங்கே?"

"மண்டைக்காட்டுல சார்."

"அங்கே என்ன?"

"கொடை சார்."

"யாருக்குக் குடை?"

ரசலையன் விளக்க ஆரம்பித்து, மூச்சு வாங்கி, பாதியில் விட்டுவிட்டார். அப்போதுதான் டெல்சி படியேறி உள்ளே வந்தாள். மேலாளர் முகம் மலர்ந்ததைப் பார்த்தால் அவளைப் பெற்றவர்கள்கூட அவளைக் கண்டு அவ்வளவு மகிழ்ந்திருக்கமாட்டார்கள். "வாங்க மேடம், வாங்க" என்று அவரே வந்து முன்வரிசையின் நடுவில் உட்கார வைத்தார். அந்த நீண்ட வரிசையில் டெல்சி ஒருத்தியாக உட்கார்ந்தாள். மேடையோரத்தில் கோட்டு போட்ட ஆன்ட்ரூஸ் அவளைப் பார்த்துக் கை காட்டினான்.

மேலாளர் திரையில் படம் காட்டிப் பேச ஆரம்பித்தார். நியூயார்க்கில் தையல் தொழிற்சாலைப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். வேலை நேரத்தைக் குறைக்கச் சொன்னார்கள், ஓட்டுரிமை கேட்டார்கள். 1911-ல் ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் முதன்முதலாக மகளிர் தினம் கொண்டாடினார்கள். பிறகு ஐ.நா. சபை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்து படம் ஒரே தாவலாக 'சங்கு செல்' கம்பெனிக்கு வந்து இறங்கியது. மேல்சீலை போடும் உரிமைக்காக இந்த மண்ணிலேயே பெண்கள் அடியும் உதையும் வாங்கி நின்று ஜெயித்த கதை, ஐரோப்பாவில் அந்த நாளைக் கொண்டாடத் தொடங்குவதற்கு ஐம்பது வருடம் முந்தியது. நாகர்கோவில் வரைக்கும் வந்த படம் அங்கே ஒரு நிமிடம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஆனாலும் டெல்சி கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு காலம் மகளிர் தினம் என்றால் டிவியில் சேலைக்குத் தள்ளுபடி என்றுதான் நினைத்திருந்தாள். கொடி பிடித்துத் தெருவில் நின்ற அந்தப் பெண்களின் மங்கலான படத்தைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"உழைக்கும் பெண்ணுக்கு அவள் உழைப்பின் அங்கீகாரம் அவள் கைக்கே வரவேண்டும். அதுதான் இந்த நூறு வருடத்தின் செய்தி," என்று மேலாளர் முடித்தார். மீசைகள் கைதட்டின.

"இப்போது மாவட்டத்தின் முதல் விற்பனையாளர் விருது. திரு. கிளீட்டஸ், கிளீட்டஸ் மொபைல்ஸ், மண்டைக்காடு. அவர் சார்பாக அவருடைய தம்பி..."

ஆன்ட்ரூஸ் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மேடையேறினான். டெல்சி எழுந்து நின்றாள். எப்போது எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சார், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க மேடம்."

"அந்த அமெரிக்காக்காரி சட்ட தச்சான்னு சொன்னியளே. அவ தச்சதுக்கு அவளுக்க கொழுந்தன் கோட்டு போட்டுட்டு வந்து பரிசு வாங்கினானா?"

மாடியே சிரிப்பில் அதிர்ந்தது. குளச்சல் கடைக்காரர் சுந்தர்சிங் நாற்காலியில் அடித்துச் சிரித்தார். ஆன்ட்ரூஸ் போட்ட பொத்தானைக் கழற்றினான்.

மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "இல்லை மேடம், பதிவு உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது. விதி அப்படி. உங்களுக்குத்தான் தனி விருது..."

"அந்தப் பாத்திரம் எனக்கு வேண்டாம் சார். எனக்க வீட்டுல சோறு சூடாத்தான் இருக்கும். அஞ்சு வருஷமா வித்தது நான். கடப்பொறத்துல கூப்பன் தூக்கிட்டு நடந்தது நான். எனக்க வேலைக்கு எனக்க பேரு வேணும். நீங்கதானே இப்ப படம் போட்டுக் காட்டினிய?"

"சார், அந்தக் கடையில டெல்சிதான்!" என்று சுந்தர்சிங் எழுந்தார். "எங்களுக்குக் கூப்பன் தீந்தா அவங்ககிட்டதான் ஓடுவோம். கிளீட்டஸ நான் பாத்ததே கெடையாது."

"நான் பாத்தே வருஷம் அஞ்சாச்சு," என்றார் ரசலையன். சொல்லிவிட்டு, தானா சொன்னோம் என்று திகைத்தார். திகைப்பு தீர்ந்ததும் இன்னும் கொஞ்சம் தைரியம் வந்தது. "சார், நான் முன்னமே சொல்லியிருக்கணும். ஓனர் சம்மதிச்சா பேரு மாத்திரலாம், அதுக்கு விதி இருக்கு."

எல்லோரும் டெல்சியைப் பார்த்தார்கள்.

ஓனர் சம்மதம்! இத்தனை நாளும் தேனாக வழுக்கிக்கொண்டு போன அதே சம்மதம்! வேறு வழியில்லை. டெல்சி போனை எடுத்தாள். மேலாளர் மைக்கை அருகில் கொண்டுவந்தார். இத்தனை ஆண்கள் முன்னால் கிளீட்டஸ் 'பின்ன பாப்போம் மக்கா' என்று சிரித்து மழுப்பிவிட்டால்? கடைக்காரர்கள் நாளைக்கே சந்திப்பு சந்திப்பாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்புறம் எந்த முகத்தோடு மேசைக்குப் பின்னால் உட்காருவது? இரண்டை அழுத்தினால் வீட்டுக்காரர். அழுத்தினாள்.

பஹ்ரைன் கடற்காற்று இரைச்சலாக ஒலிபெருக்கியில் வந்தது.

"என்னட்டி! இந்த நேரத்துல? பிள்ளையளுக்கு ஏதாவது...?"

"பிள்ளையளுக்கு ஒண்ணுமில்ல. நல்லாருக்கு. நான் நாகர்கோவில்ல விழாவுல நிக்கேன். ஊருபட்ட ஆம்பளைங்க கேட்டுட்டு நிக்காவ. ஒரே ஒரு காரியம்."

"என்ன காரியம்?"

"கடைய எனக்க பேருக்கு மாத்தணும். பின்ன பாப்போம்னு சொல்லப்பிடாது. ஊருக்கு வந்துட்டுன்னும் சொல்லப்பிடாது. ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்ல. இப்பச் சொல்லணும்."

மறுமுனையில் காற்று மட்டும் இரைந்தது. படகின் எஞ்சின் சத்தம். லைன் அறுந்துபோச்சோ என்று மேலாளர் பதறிப் போனை எட்டிப் பார்த்தார். தன் கம்பெனி லைன் அல்லவா!

"இதுக்கா ஏட்டி போன் போட்ட?" என்றது குரல். "நான் பயந்துல்லா போனேன்!" பிறகு கொஞ்சம் தணிந்து, "நீ எத்தன தடவ கேட்டுட்ட. நான்தான்... கடை எனக்க பேருல கெடந்தா ஊருல எனக்கு ஒரு எடம் கெடக்கும்னு ஒரு இது. வேற ஒண்ணுமில்ல கேட்டியா. இங்க கெடக்கவனுக்கு அப்பிடித்தான் தோணும்."

அந்த மனிதர் மழுப்பியதற்குள் இப்படி ஒன்று இருந்தது டெல்சிக்கு இன்றுவரை தெரியாது. பாவமாகவும் இருந்தது, ஏன் இதை முன்னாலேயே சொல்லவில்லை என்று எரிச்சலாகவும் இருந்தது.

"ஒங்களுக்கு எடம் வீட்டுல இருக்கு. கடையில எனக்கு வேணும்," என்றாள்.

"சரிட்டி, மாத்து. எங்க கையெழுத்து போடணும்னாலும் அனுப்பு, போடுதேன். பலகையில மட்டும் எனக்க பேரு கெடக்கட்டும். பெயிண்டுக்குக் காசு குடுத்தது நானாக்கும்!"

மாடியில் எழுந்த கைதட்டல் பஹ்ரைன் வரைக்கும் போயிருக்கும். "ஏட்டி, யாரு இந்தச் சத்தம் போடது?" என்று கிளீட்டஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். டெல்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குச் சாம்பல் புதன், ஓர்மை வச்சுக்கிடுங்க. இறச்சியத் தின்னுட்டுக் கெடக்காதீங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். ஆன்ட்ரூஸ் மேடையிலிருந்து இறங்கி வந்தான்.

"மைனி, நீங்க ஏறுங்க. எனக்குப் போட்டோ எடுக்க ஆசை, அவ்வளவுதான். வேற ஒண்ணும் நினைக்கப்பிடாது."

"கோட்டு ஒனக்கு எடுப்பாத்தான் இருக்குலே. ஒனக்க கல்யாணத்துக்குப் போடு," என்றாள் டெல்சி. அவனும் சிரித்துவிட்டான்.

கடைப் பதிவை டெல்சி பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்று மேலாளர் மைக்கிலேயே அறிவித்தார். அடுத்தது கேடயம். அதில் திரு. கிளீட்டஸ் என்று வெட்டியாகிவிட்டதே! எழுத்து வெட்டுகிறவருக்குப் போன் போட்டால், அவரும் குடும்பத்தோடு கொடைக்குப் போயிருந்தார். மேலாளர் ஒரு வழி சொன்னார். "மேடம், பெயர் தெரியாமல் கையால் மறைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு படம்."

"அது மாட்டேன் சார். அவருக்க பேர எனக்க கையால மறைக்கவும் மாட்டேன், அவருக்க பேர எனக்க பேருன்னு பிடிக்கவும் மாட்டேன். வெட்டிட்டுக் கொண்டு வாங்க, அப்ப வாங்குதேன்."

மேலாளர் வெறுங்கையோடு நின்ற டெல்சியைப் பார்த்தார், காலி முன்வரிசையைப் பார்த்தார், பாத்திரக் கோபுரத்தைப் பார்த்தார். படம் எடுப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பொம்பளைங்க படம்தானே வேணும்?" என்றாள் டெல்சி. "எனக்க கூட வாங்க. லட்சம் பேரு நிக்காவ. விருது வாங்க வேண்டிய ஒங்க கடைக்காரிகளும் அங்கதான் நிப்பாவ."

சாப்பாட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, ரசலையன் வேனில் பாத்திரங்களை ஏற்றினார். வழியெல்லாம் டெல்சி வெளியே பார்த்து அவளாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் கையில் கேடயமும் இல்லை, பாத்திரமும் இல்லை. 'சும்மா வராத' என்று சொல்லி அனுப்பிய பிச்சம்மாளுக்கு என்ன காட்டுவது? ஆனால் மனது நிறைந்து கிடந்தது. பேரை மாற்றுகிறேன் என்று மேலாளர் எல்லார் முன்னாலும் மைக்கில் சொல்லியிருக்கிறார். அவர் வாக்கு மாறினாலும் சுந்தர்சிங்கின் வாய் சும்மாயிராது.

ஊருக்கு வெகுதூரம் முன்னாலேயே போலீஸார் வேனை நிறுத்திவிட்டார்கள். இனி நடைதான். டை கட்டிய மேலாளர் கைக்கு இரண்டாக ஹாட்பாக்ஸ் தூக்கிக்கொண்டு, இருமுடி தாங்கிய பெண்களுக்கு நடுவே மணலில் தடுமாறி வந்தார். எங்கு திரும்பினாலும் பெண்கள். சுண்டல் தின்கிறவர்கள், கடலில் கால் நனைத்துக் கூவுகிறவர்கள், வளையல் பேரம் பேசுகிறவர்கள், குழந்தையை மடியில் போட்டு மணலிலேயே உறங்குகிறவர்கள். வீடு, அடுப்பு, ஆண் எல்லாவற்றையும் எங்கோ விட்டுவிட்டு ஒருநாள் முழுக்கத் தங்களுக்கென்று வந்தவர்கள். "இவ்வளவு பேரா!" என்றார் மேலாளர்.

கோயில் ஒலிபெருக்கி ஓயாமல் கரகரத்துக்கொண்டிருந்தது. பாறசாலையிலிருந்து வந்த குழந்தை ஒன்று அழுதுகொண்டிருக்கிறது, தாயார் வந்து கூட்டிப்போகவும். பச்சைச் சேலை கட்டிய பாட்டியம்மா தன் கூட்டத்தைத் தேடுகிறார். டெல்சி காதில் வாங்காமல் கூட்டத்தை விலக்கி நடந்தாள். அப்போது அந்தக் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது:

"கவனிக்கவும். மண்டைக்காடு சந்திப்பு செல்போன் கடை உரிமையாளர் டெல்சி அவர்கள் எங்கிருந்தாலும் உடனே கடைக்கு வரவும். கூப்பன் தீர்ந்துவிட்டது. ரீசார்ஜ் செய்யப் பெண்கள் நீண்ட வரிசையில் காத்திருக்கிறார்கள்."

டெல்சி அப்படியே நின்றாள். பிச்சம்மாளின் வேலைதான் இது. கோயில் அலுவலகத்தில் அவளுக்குத் தெரியாத ஆள் கிடையாது. ஆனாலும் அந்தக் குரல் தன் பெயரைத்தான் சொன்னதா என்று ஒரு கணம் சந்தேகம். கிளீட்டஸ் பெஞ்சாதி என்று சொல்லவில்லை, லிஜிக்க அம்மா என்று சொல்லவில்லை. கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் நின்ற அத்தனை பெண்கள் காதிலும் விழும்படி சொல்லிவிட்டது. கேரளத்துப் பெண்களுக்காக மலையாளத்திலும் ஒருமுறை சொன்னது. அதிலும் டெல்சி டெல்சிதான்.

அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை. சிரிப்பும் வந்தது.

"தங்கச்சி, ஆளுவ காத்துக் கெடக்காவ, வேகம் நடங்க," என்றார் ரசலையன்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி," என்றாள் டெல்சி. "இன்னொரு தடவ சொல்லட்டும்."